நான் ஷேர் செய்யாத டிரைவ் எப்படித் திறந்தது?

நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி ஆலையில் பதினோரு வருடமாகக் கணக்கு பார்க்கும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். பெயரும் ஆலையின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆலையில் எட்டு கம்ப்யூட்டர்: எடைமேடையில் ஒன்று, குடோனில் ஒன்று, பில் போடும் இடத்தில் இரண்டு, கணக்கு அறையில் மூன்று, முதலாளி அறையில் ஒன்று. எல்லாம் ஒரே நெட்வொர்க்கில்.

போன மாதம் எடைமேடை சாஃப்ட்வேரைச் சரிபார்க்க ஒரு சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். ஒரு ஃபைலைத் தேடியவர், எடைமேடை கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடியே முகவரிப் பட்டையில் இரண்டு சாய்கோடு போட்டு, இவருடைய கம்ப்யூட்டரின் பெயரை எழுதி, கடைசியில் ‘சி$’ என்று தட்டியிருக்கிறார். பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் இவருடைய சி டிரைவ் முழுவதும் திறந்துகொண்டது. சம்பளப் பட்டியல், லோடுமேன்களின் ஆதார் நகல், தன் அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் கண்ணெதிரே வரிசையாக வந்ததைப் பார்த்து இவருக்குக் கை கால் ஓடவில்லை. “நான் எதையும் ஷேர் பண்ணவே இல்லையே சார்” என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் குழப்பத்தைக் கூட்டியிருக்கிறது. இன்ஜினியரிங் படிக்கும் முதலாளியின் அக்கா மகன் கட்டளை கொடுத்து அந்த ஷேரை நீக்கினார். மறுநாள் காலை கம்ப்யூட்டரைப் போட்டதும் அது திரும்ப வந்துவிட்டது. “வைரஸ்தான் அக்கா” என்றவர், அடுத்து ‘சர்வர்’ என்ற சர்வீஸையே நிறுத்தினார். அன்று பிரின்டரும் போச்சு, டேலி கணக்கு சாஃப்ட்வேரும் போச்சு. நெல் லோடு நாலு லாரி எடைமேடையில் காத்து நிற்க, பதறிப்போய்த் திரும்பப் போட்டார்கள். இப்போது எல்லாவற்றையும் ஃபார்மேட் அடித்து, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போடலாம் என்கிறார் அந்தத் தம்பி. முதலாளியோ, “டாலர் குறி இருந்தா யாருக்கும் தெரியாதுங்கிறாங்க, விடும்மா” என்கிறார். இதற்கிடையே, இந்த நெட்வொர்க்கைப் போட்டுக்கொடுத்த ஆள் இரண்டு வருடம் முன்பு மனஸ்தாபத்தோடு வேலையை விட்டுப் போனவர். எல்லா பாஸ்வேர்டும் அவருக்குத் தெரியும்.

இது வைரஸா, இதை மூட முடியுமா, அந்த இன்ஜினியர் செய்தது குற்றமா, முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்பவை அவருடைய கேள்விகள்.

சகோதரி, முதலில் பயத்தை விடுங்கள். இது வைரஸ் இல்லை. ஃபார்மேட் அடித்தாலும் இது போகாது, புதிதாகப் போடும் விண்டோஸிலும் இருக்கும். விண்டோஸ் என்டி காலத்திலிருந்தே ஒவ்வொரு கம்ப்யூட்டரும் தானாக உண்டாக்கிக்கொள்ளும் நிர்வாகப் பகிர்வு இது. சி டிரைவுக்கு சி$, டி டிரைவுக்கு டி$, விண்டோஸ் ஃபோல்டருக்கு அட்மின்$ என்று ‘சர்வர்’ சர்வீஸ் தொடங்கும்போதெல்லாம் அவற்றை உண்டாக்கும். தம்பி நீக்கியதும் மறுநாள் வந்துவிட்டதன் காரணம் அவ்வளவுதான். பெரிய நிறுவனங்களில் ஐந்நூறு கம்ப்யூட்டர்களை ஓரிடத்தில் இருந்து பராமரிப்பவர்களுக்காக வைத்த வழி, எட்டு கம்ப்யூட்டர் இருக்கும் ஆலைக்கும் சேர்ந்தே வந்துவிட்டது.

முதலாளி சொல்வது பாதி சரி. பெயரின் கடைசியில் $ இருந்தால் நெட்வொர்க்கைத் திறந்து பார்ப்பவர் கண்ணுக்கு அந்த ஷேர் தெரியாது. ஆனால் உலகத்தில் எல்லா விண்டோஸிலும் அதே பெயர்தான் என்பதால், ஒளித்துவைத்து என்ன பயன்? உங்கள் இன்ஜினியர் பட்டியலில் தேடவில்லை, நேரே பெயரைத் தட்டினார். கெட்ட புரோகிராம்களும் அதையேதான் செய்கின்றன.

பாஸ்வேர்டு ஏன் கேட்கவில்லை?

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி இதுதான். சி$ இருப்பது இயல்பு. கேட்காமல் திறந்ததுதான் இயல்பு இல்லை.

அந்த வழியில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் இருப்பவர்களும், பேக்கப் ஆப்பரேட்டர்ஸ் குழுவில் இருப்பவர்களும்தான் நுழையலாம். அதிலும் விண்டோஸ் விஸ்டாவுக்குப் பிறகு இன்னொரு தடை உண்டு. உங்களுடையதைப் போல, டொமைன் என்ற மைய அமைப்பு இல்லாத நெட்வொர்க்கில், நாமாக உண்டாக்கிய அட்மின் கணக்கு வேறு கம்ப்யூட்டரில் இருந்து வந்தால், சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் அதற்கு நிர்வாக அதிகாரம் கிடைக்காது. விண்டோஸோடு பிறந்த ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்ற ஒரே கணக்குக்கு மட்டும் இதில் விலக்கு. அந்தக் கணக்கும் சாதாரணமாக முடக்கித்தான் வைக்கப்பட்டிருக்கும்.

ஆக, நெட்வொர்க் போட்டுக்கொடுத்தவர் தன் வேலை எளிதாக வேண்டும் என்று எட்டிலும் அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை உயிர்ப்பித்து, எட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருக்க வேண்டும். எடைமேடையில் எல்லாரும் அந்தக் கணக்கில்தான் உட்காருகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஒரு கம்ப்யூட்டரில் இருந்து இன்னொன்றைக் கூப்பிடும்போது, உட்கார்ந்திருப்பவரின் பெயரையும் பாஸ்வேர்டையும் விண்டோஸ் முதலில் தானே நீட்டிப் பார்க்கும். அந்தப் பக்கமும் அதே பெயர், அதே பாஸ்வேர்டு என்றால் கேள்வியே எழாது. கேட்காமல் திறந்ததன் ரகசியம் இது. இதற்கு இன்னொரு சாத்தியம், மேலே சொன்ன தடையை, விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் யாராவது தளர்த்திவிட்டிருப்பது. அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

நம் பக்கத்து வாய்க்கால் மதகு ஊரார் பார்க்கத்தான் இருக்கிறது, ஷட்டரைத் திருப்பும் சாவி பாசன ஊழியரான லஸ்கர் கையில். எட்டு மதகுக்கும் ஒரே சாவி, அதன் நகல் ஊரை விட்டுப் போனவரிடமும் ஒன்று என்றால், மதகை இடித்து என்ன ஆகப் போகிறது? சாவியைத்தான் மாற்ற வேண்டும்.

தம்பி சொல்லும் பிட்லாக்கர் நல்ல ஏற்பாடுதான், ஆனால் வேறு ஆபத்துக்கு. கம்ப்யூட்டரோ ஹார்ட் டிஸ்க்கோ திருடு போனால் உள்ளே இருப்பதைப் படிக்க விடாது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது நெட்வொர்க் வழியாக அட்மினாக வருபவரை அது தடுக்காது. உங்கள் மேஜையில் நீங்கள் லாகின் செய்யும் பாஸ்வேர்டும் அப்படித்தான். அது உங்கள் நாற்காலிக்குக் காவல், ஃபைலுக்கு இல்லை.

உண்மையான ஆபத்து எவ்வளவு?

2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாசகார புரோகிராம் உலகம் முழுக்கப் பரவியது. மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையம் வேலை செய்ய முடியாமல் நின்றது. அது பரவிய வழிகளில் ஒன்று உங்கள் ஆலையின் அமைப்புக்கு அப்படியே பொருந்தும். ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்ததும் அங்கே நினைவகத்தில் இருக்கும் அட்மின் அடையாளத்தைத் திருடி, அதை வைத்து அடுத்த கம்ப்யூட்டரின் அட்மின்$-இல் தன்னையே நகல் எடுத்து ஓட்டிக்கொள்ளும். எடைமேடையில் யாரோ பென்டிரைவில் கொண்டுவந்த ஒரு ஃபைல் போதும், எட்டும் பூட்டிக்கொள்ள. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இழந்த பிறகு அதை எங்கே போய் எடுப்பீர்கள்?

அதே வருடம் மே 12-இல் வந்த வான்னக்ரை வேறு ரகம். அதற்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை, பழைய ஃபைல் பகிர்வு முறையான எஸ்எம்பி1-இல் இருந்த ஓட்டை போதுமாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை இரண்டு மாதம் முன்பே, மார்ச் 14-இல் வெளியிட்டிருந்தும், போடாதவர்கள் மாட்டினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சி$-ஐ மூடினால் எல்லாம் சரி என்று நினைத்துவிடக் கூடாது. வான்னக்ரையை அது தடுத்திருக்காது. எடைமேடை இண்டிகேட்டருக்கான பழைய சாஃப்ட்வேர் ஓட வேண்டும் என்பதற்காக அங்கே விண்டோஸ் 7 வைத்திருக்கிறீர்கள். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. மாற்ற முடியாத ஒரு கம்ப்யூட்டர் இருக்கலாம், தவறில்லை. அது மற்ற ஏழோடும் தாராளமாகப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது.

மூடும் முன் ஒரு ஃபைலைத் திறந்து பாருங்கள்

“ராத்திரி எட்டு மணிக்கு எடைமேடை டேட்டா தானாக என் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும், எப்படி என்று தெரியாது” என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டு முறை படித்த வரி அது. எடைமேடை கம்ப்யூட்டரில், குறித்த நேரத்துக்கு வேலைகளை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்தால், எட்டு மணிக்கு ஓடும் ஒரு பேட்ச் ஃபைல், அதாவது கட்டளைகள் எழுதிய ஃபைல், இருக்கும். அதை நோட்பேடில் திறந்து பாருங்கள். நகல் எடுக்கும் கட்டளையின் கடைசியில் உங்கள் கம்ப்யூட்டரின் பெயரும் டி$-உம் இருக்கும் என்பது என் யூகம். இருந்தால், நிர்வாகப் பகிர்வை மூடிய அன்றே உங்கள் பேக்கப் நின்றுபோகும். மணி அடிக்காது, செய்தி வராது.

கும்பகோணத்தில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் நான் செய்த தவறு இது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பாதுகாப்பு என்று எல்லா நிர்வாகப் பகிர்வையும் ஒரே நாளில் மூடிவிட்டு வந்தேன். மூன்று மாதம் கழித்து டிஸ்க் போனபோது, பேக்கப் ஃபோல்டரில் கடைசித் தேதி நான் போன நாளாக இருந்தது. அந்தப் பெரியவர் என்னைத் திட்டவில்லை. பில் புத்தகங்களை எடுத்துவைத்து, மருமகளும் அவரும் இருபது நாள் உட்கார்ந்து மறுபடி ஏற்றினார்கள்.

ஆகவே வரிசை முக்கியம். சம்பா நெல் லோடு வரும் தை, மாசியில் எதையும் தொட வேண்டாம். ஆலை ஓய்ந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

முதலில் பேக்கப். உங்கள் டி டிரைவில் தனியாக ஒரு ஃபோல்டர் உண்டாக்கி, அதை மட்டும் சாதாரண ஷேராகக் கொடுங்கள். பேக்கப் என்று ஒரு சாதாரணக் கணக்கு, அதற்கு அந்த ஃபோல்டரில் மட்டும் எழுதும் உரிமை. பேட்ச் ஃபைலில் டி$ இருந்த இடத்தில் புது ஷேரின் பெயரைப் போட்டு, டாஸ்க்கை அங்கேயே ஒரு முறை ஓட்டி, ஃபைல் வந்து சேர்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வாரம் ஒரு முறை வெளி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்துக் கழற்றி பீரோவில் வைப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செருகியபடியே இருக்கும் டிஸ்க்கும் சேர்ந்துதான் பூட்டப்படும்.

அடுத்தது சாவி. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பராமரிப்புக்கென்று புதிதாக ஒரு அட்மின் கணக்கு, எட்டுக்கும் எட்டு வேறு பாஸ்வேர்டு. அதில் லாகின் ஆகிறதா என்று சோதித்த பிறகே பழைய அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கை முடக்க வேண்டும். முன்பே முடக்கிவிட்டு வெளியே நின்றவர்கள் உண்டு. அன்றாட வேலைக்கு, எடைமேடை உட்பட எல்லாருக்கும் சாதாரணக் கணக்கு. “எங்கள் சாஃப்ட்வேர் அட்மினில்தான் ஓடும்” என்பார்கள். பெரும்பாலும் அந்த சாஃப்ட்வேரின் ஃபோல்டரில் எழுதும் உரிமை கொடுத்தாலே ஓடிவிடும். பெரிய நிறுவனங்களில் இந்தப் பாஸ்வேர்டுகளைத் தானாக மாற்ற லேப்ஸ் என்ற ஏற்பாடு உண்டு, அதற்கு டொமைன் போன்ற மைய அமைப்பு வேண்டும். உங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகமே போதும். எழுதி, உறையில் ஒட்டி, முதலாளி பீரோவில்.

பிறகு ஃபயர்வால். ஃபைல் பகிர்வு நடப்பது 445-ஆம் போர்ட் என்ற நெட்வொர்க் வாசலில். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஃபயர்வாலில் அதற்கான விதியைத் திறந்து, யாரிடமிருந்து வரலாம் என்ற இடத்தில் தேவைப்படும் முகவரிகளை மட்டும் கொடுக்கலாம். எடைமேடையோ அனுப்ப மட்டும் செய்கிறது, அதற்குள் யாரும் போக வேண்டியதில்லை, அங்கே முழுதாகவே மூடலாம். விண்டோஸ் 7-லும் எஸ்எம்பி1-ஐ நிறுத்த முடியும், பிரின்டர் எதுவும் அதை நம்பி இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். லாரி டிரைவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் கொடுக்கும் வைஃபை தனியாக இருக்கட்டும். ரவுட்டரில் 445-ஐ வெளியில் திறந்துவிட்டிருந்தால் இன்றைக்கே மூடச் சொல்லுங்கள், ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம்.

இவ்வளவும் முடிந்து ஒரு வாரம் எல்லாம் ஒழுங்காக ஓடினால், கடைசியாக சி$-ஐ மூடுவதைப் பற்றி யோசிக்கலாம். ரெஜிஸ்ட்ரியில் லான்மேன்சர்வர் சர்வீஸின் பாராமீட்டர்ஸ் பகுதியில், ‘ஆட்டோஷேர்’ என்ற சொல்லோடு டபிள்யூ, கே, எஸ் எழுத்துகளைச் சேர்த்த பெயரில் ஒரு டிவேர்டு மதிப்பை உண்டாக்கி, 0 கொடுத்து ரீஸ்டார்ட் செய்தால் டிரைவ் ஷேர்களும் அட்மின்$-உம் திரும்ப வராது. சர்வர் வகை விண்டோஸ் என்றால் அந்தப் பெயர் ‘ஆட்டோஷேர்சர்வர்’. மாற்றும் முன் அந்தப் பகுதியை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஐபிசி$ அப்போதும் இருக்கும், அது ஃபோல்டர் இல்லை, கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் வாய்க்கால். பிரின்டர் ஷேர் செய்திருந்தால் தெரியும் பிரின்ட்$-ஐயும் விட்டுவிடுங்கள்.

எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே இடத்தில் இருந்து பார்க்கும் ஆன்டிவைரஸ் போட்டிருந்தால் அது அட்மின்$ வழியாக வேலை செய்யக்கூடும். விற்றவரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சி$-ஐ வைத்துக்கொண்டு எனக்கு மட்டும் அனுமதி என்று மாற்றலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். முடியாது, நிர்வாகப் பகிர்வுகளின் அனுமதியை விண்டோஸ் மாற்ற விடாது. இருந்தால் அப்படியே இருக்கும், இல்லையென்றால் இல்லை.

இன்னொன்று. டேலி டேட்டா ஃபோல்டரை நீங்களே ஷேர் செய்திருக்கிறீர்கள் அல்லவா? அதன் அனுமதியைப் பாருங்கள். ‘எவ்ரிஒன்’ என்ற பெயருக்கு ‘ஃபுல் கன்ட்ரோல்’ கொடுத்திருந்தால், எனக்கு சி$-ஐ விட அதுதான் கவலை. அதற்கு அட்மின் அதிகாரம்கூட வேண்டாம். கணக்கு பார்க்கும் மூன்று பேரின் பெயரை மட்டும் வைத்து மற்றதை எடுத்துவிடுங்கள்.

குற்றமா, உரிமையா

நான் வக்கீல் இல்லை, என் தொழிலுக்குத் தெரிய வேண்டிய அளவு சொல்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-இன்படி உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் நுழைவதும் தகவலை எடுப்பதும் நஷ்டஈடு கொடுக்க வேண்டிய தவறு. நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு அதைச் செய்தால் பிரிவு 66-இன்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உங்கள் இன்ஜினியர் உங்கள் முன்னாலேயே திறந்து, “மேடம், இது இப்படித் திறந்து கிடக்குது” என்று சொல்லியிருக்கிறார். அவரைக் குற்றவாளியாகப் பார்க்க வேண்டாம். உண்மையில் அவர் உங்களுக்கு உபகாரம் செய்திருக்கிறார். இனி வருபவர் யாராக இருந்தாலும், பக்கத்தில் ஒருவர் இருக்கும்போது மட்டும் அட்மின் பாஸ்வேர்டை நாமே தட்டிக்கொடுப்பது என்று வழக்கம் வையுங்கள்.

வேலையை விட்டுப் போனவர் மீதும் ஆதாரம் இல்லாமல் சந்தேகப்பட வேண்டாம். பாஸ்வேர்டு தெரிந்திருப்பது குற்றம் இல்லை, போன பிறகு அதைப் பயன்படுத்தினால்தான் குற்றம். விண்டோஸின் பாதுகாப்புப் பதிவேட்டில் 4624 என்ற எண்ணில், வகை 3 என்று இருப்பவை நெட்வொர்க் வழியாக வந்த லாகின்கள். பழையது அழிந்துகொண்டே போகும் என்பதால், எதையும் மாற்றும் முன் அந்தப் பதிவேட்டை சேமித்துவிடுங்கள். அதில் புரியாத நேரத்தில், புரியாத முகவரியில் இருந்து யாராவது வந்திருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் பேசுங்கள்.

உங்கள் சொந்த ஃபைல்களைப் பற்றிய கேள்விக்குக் கொஞ்சம் கசப்பான பதில்தான். ஆபீஸ் கம்ப்யூட்டர் ஆலையுடையது. அதன் நிர்வாகச் சாவி முதலாளியிடம் இருப்பது நியாயம். அம்மாவின் ரிப்போர்ட்டையும் நகைக்கடன் ரசீதையும் இன்றே உங்கள் போனுக்கோ பென்டிரைவுக்கோ மாற்றிவிட்டு அங்கிருந்து அழித்துவிடுங்கள். லோடுமேன்களின் ஆதார் நகலோ வேறு விஷயம். அடுத்தவர் தகவலை வாங்கி வைத்திருப்பவர் அதைக் காக்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்பதே 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படை. முழு நகல் தேவைப்படாத இடத்தில் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரை வாங்கிக்கொள்ளலாம். வேலையை விட்டுப் போனவர்களுடையதும் அந்த ஃபோல்டரில் கிடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவை இனி எதற்கு?

முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிறீர்கள். பதினோரு வருடம் கணக்கு ஒப்படைத்தவர், உங்கள் பேச்சைக் கேட்பார். சட்டம், வைரஸ் என்று தொடங்க வேண்டாம். அவரைக் கூட்டிக்கொண்டுபோய் எடைமேடை நாற்காலியில் உட்கார வையுங்கள். முகவரிப் பட்டையில் அவருடைய கம்ப்யூட்டரின் பெயரும் சி$-உம் தட்டுங்கள். அவருடைய டெஸ்க்டாப்பில் இருக்கும் பேங்க் ஃபோல்டர் அங்கே தெரியும். பக்கத்தில் தம்பியும் இருக்கட்டும். ஆர்வமாகத் தானே முன்வந்து செய்கிற பையன், அவன் கையைப் பிடித்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை வேலையில் பாதி அவனே முடிப்பான். அவன் ‘சர்வர்’ சர்வீஸை நிறுத்தியதற்காக யாரும் இனி அவனைக் குத்திக்காட்ட வேண்டாம்.

வேலை முடிந்த அன்று இரவு எட்டரைக்கு பேக்கப் ஃபோல்டரைத் திறந்து, கடைசி ஃபைலின் தேதியையும் நேரத்தையும் பாருங்கள். திங்கள், செவ்வாயும் பாருங்கள். வரவில்லை என்றால் பேட்ச் ஃபைலின் அந்த வரியைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். பாஸ்வேர்டு அதில் எழுதியிருந்தால் மறைத்துவிட்டு.